பொன்னியின் செல்வன்: ஆதித்த கரிகாலன் கொலையை அவிழ்க்காமல் முடித்தது சரியா?

வீராணத்தான்:

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் ஐந்தாம் பாகமான ‘தியாக சிகரம்’ படித்து முடித்தேன். மொத்தம் 293 அத்தியாயங்கள். மனம் நிறையவில்லை; கோபம்தான் வருகிறது. முதல் பாகத்திலிருந்தே சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனுக்கு ஆபத்து, கடம்பூருக்குப் போகாதே, வால்நட்சத்திரம் தோன்றியிருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பதற்றம் அது. கடைசியில் கடம்பூர் மாளிகையில் இருள் சூழ்கிறது, இளவரசன் விழுந்து கிடக்கிறான். குத்தியது யார்? பழுவூர் ராணி நந்தினியா? பாண்டியச் சதிகாரன் ரவிதாசன் கூட்டமா? இருட்டில் கத்தியை வீசிய அவள் கணவர் பெரிய பழுவேட்டரையரா? அல்லது கரிகாலனே தன்னை மாய்த்துக்கொண்டானா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஆசிரியர் எதையும் உறுதி செய்யவில்லை.

இத்தனை நீளத்துக்கு வாசகனை அழைத்து வந்தவருக்கு ஒரு கடமை உண்டு என்று நினைக்கிறேன். கல்கி அதைத் தட்டிக்கழித்துவிட்டார் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாழம்பூ:

கதையைப் பாதியில் நிறுத்தியதுபோல எனக்கும் இருந்தது. ஆனால் அதற்காகக் கோபப்பட என்னால் முடியாது. கொடிக்கரைக் காடும், கலங்கரை விளக்கமும், சதுப்பு நிலத்தின் நடுவே கதாநாயகன் வந்தியத்தேவன் சேற்றில் புதைவதும் இன்னமும் கண்ணில் நிற்கின்றன. எனக்கு அது போதும்.

ஏட்டுச்சுவடி:

வீராணத்தான், நீங்கள் எழுப்பும் கேள்வியைச் சரித்திரத்திடம் கேட்டாலும் இதே மௌனம்தான் கிடைக்கும். அதனால்தான் கல்கி செய்ததை நேர்மை என்கிறேன்.

நம்மிடம் இருக்கும் நேரடிச் சான்று காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டு. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏறத்தாழ 987. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் அனுப்பிய ஆணை அதில் இருக்கிறது. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று’ துரோகிகளானவர்கள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், இன்னொரு தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய உறவினர்களின் உடைமைகளும் பறிமுதலாகின்றன.

கல்வெட்டு சொல்வது அவ்வளவுதான். எங்கே கொன்றார்கள், ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று ஒரு சொல் கிடையாது. இந்த வெற்றிடத்தில்தான் கல்கி தன் மாளிகையைக் கட்டினார். கடைசி அறையை மட்டும் பூட்டி வைத்தார். அந்த அறைக்கு அவரிடமும் சாவி இல்லை, நம்மிடமும் இல்லை.

வீராணத்தான்:

ஐயா, சாவி இல்லையென்றால் அந்த அறை வரை அழைத்து வருவானேன்? நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் என்று கல்வெட்டில் இல்லாத மனிதர்களை உருவாக்கும் துணிவு அவருக்கு இருந்தது. சிவபக்தியில் திளைத்த சேந்தன் அமுதனைச் செம்பியன் மாதேவியின் உண்மையான மகனாக்கி, உத்தம சோழன் என்ற பெயரில் அரியணையில் ஏற்றும் துணிவும் இருந்தது. அங்கெல்லாம் சரித்திரம் குறுக்கே நிற்கவில்லை; கொலை என்று வந்ததும் மட்டும் நின்றதா? எனக்கு இது பொருந்தவில்லை.

நிலவுமொழி:

வீராணத்தான் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். சேந்தன் அமுதன் விஷயத்தை நான் இன்னும் கடுமையாகச் சொல்வேன். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்லும் செய்தி இது: ஆதித்தன் மறைந்த பிறகு குடிமக்கள் அவன் தம்பி அருள்மொழியை, அதாவது பின்னாளைய இராசராசனை, அரியணை ஏறும்படி வேண்டினார்கள், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு நாட்டின் மீது ஆசை இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அவன் மறுத்தான். இராசராசனின் மகன் இராசேந்திரன் காலத்துச் செப்பேடு என்பதால் குடும்பப் புகழ்ச்சி இருக்கத்தான் செய்யும். ஆனாலும் ‘ஆசை’ என்ற சொல்லை அவர்களே வைத்திருக்கிறார்கள். அரியணையை விரும்பிய உத்தம சோழன் ஒருவன் உண்மையிலேயே இருந்தான் என்று தெரிகிறது.

கல்கி என்ன செய்தார்? செம்பியன் மாதேவியின் மகனாக வளர்ந்து அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனை ஆள்மாறாட்டம் என்று சொல்லிக் கதையை விட்டே வெளியேற்றினார். ஆசையே இல்லாத ஒரு பூக்காரப் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அருள்மொழியின் தியாகத்தில் ஒரு மாசும் ஒட்டக் கூடாது, பட்டம் பெறுபவனிடமும் மாசு இருக்கக் கூடாது! ஒரு நாட்டின் அரசுரிமைப் போராட்டம் இப்படிக் கழுவித் துடைக்கப்பட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. கொலையைத் திறந்து விட்டதை விட இதுதான் பெரிய தப்பித்தல்.

தென்திசை:

நிலவுமொழி அவர்களே, அந்தப் பூக்காரப் பிள்ளை அரியணை ஏறும் இடத்தில்தான் நான் கண்ணீர் விட்டேன். அரண்மனைக்கு வெளியே, தாய் என்று நம்பிய ஊமைப் பெண் ஒருத்தியிடம் வளர்ந்தவன். பட்டம் தேடி வந்தபோதும் அவன் மனம் திருக்கோயில் நந்தவனத்திலும் பூங்குழலியிடமும் இருக்கிறது. கடலில் படகு செலுத்தும் பெண் ஒருத்தி சோழ நாட்டின் அரசியாகிறாள். 1950இல், குடியரசு மலர்ந்த ஆண்டில் தொடங்கிய தொடர் இது. அந்தக் காலத்து வாசகர்களுக்கு இதில் என்ன கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கழுவித் துடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வரப்புக்காரன்:

அரண்மனைக்கு வெளியே என்று தென்திசை சொல்வதால் எழுதுகிறேன். இந்த நாவலில் வயலில் இறங்கியவர்கள் யார்? ஆடிப் பெருக்கு வருகிறது, ஏரி நிரம்பித் ததும்புகிறது, மடைகளில் வெள்ளம் சீறுகிறது, நாற்று நடும் பெண்கள் பாட்டுப் பாடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளத்தை வாங்கி நெல்லாக்கியவனுக்கு ஒரு பெயர், ஒரு குடும்பம், ஒரு துன்பம் இந்த ஐந்து பாகத்தில் உண்டா?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் ஊர்நத்தம், கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக வரும். அந்தக் கோயிலுக்காகவே பல ஊர்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல் மகளிர் 400 பேர் கொண்டுவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் பெயரும் வீட்டு வரிசையும்கூடக் கல்லில் உள்ளன. இவ்வளவு விவரம் கல்லிலேயே இருந்தும், பொற்காலம் என்ற ஒரே வண்ணத்தில் நாட்டைத் தீட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. யார் கொன்றது என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், யார் உழுதது என்று கேட்பதே இல்லை.

தென்திசை:

வரப்புக்காரன் அண்ணா, கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கல்வெட்டுகள் இராசராசனின் ஆட்சியின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. கதை நடப்பது கரிகாலனின் தந்தை சுந்தர சோழரின் கடைசிக் காலத்தில். பெரிய கோயிலே அப்போது இல்லை.

வரப்புக்காரன்:

சேரிகள் இராசராசன் காலத்தில் திடீரென்று முளைத்தவையா தம்பி? கால வரிசையைக் காட்டி இதைத் தள்ளிவிட முடியாது.

ஏட்டுச்சுவடி:

கால வரிசை என்று வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அருள்மொழி காய்ச்சலில் கிடந்து தேறும் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம், ஸ்ரீவிசய மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் ஊரை இராசராசன் கொடையளித்தது தனது இருபத்தோராம் ஆட்சியாண்டில். ஆக, கதை நடக்கும் காலத்துக்கு ஒரு தலைமுறைக்குப் பின் வந்த விகாரத்தைக் கல்கி முன்னால் இழுத்து வைத்திருக்கிறார். எனக்கு இது குறையாகப் படவில்லை. கடல் பொங்கி விகாரத்துக்குள் புகும் அந்தக் காட்சியில் ஓர் இளவரசன் புத்தர் சிலையின் அடியில் நிற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆனைமங்கலத்தை அள்ளிக் கொடுத்த அரசன் இளமையில் அந்தப் பிக்ஷுக்களிடம் உயிர்க்கடன் பட்டவன் என்று கற்பனை செய்வது எவ்வளவு அழகு!

தெரிந்து செய்த மாற்றத்துக்கும் தெரியாமல் செய்த பிழைக்கும் வேறுபாடு உண்டு. அன்பில் செப்பேட்டைப் பெற்ற அநிருத்தப் பிரமராயர், ஈழத்தில் போர்க்களத்தில் மாண்ட கொடும்பாளூர்ச் சிறிய வேளார், ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்று பின்னால் அழைக்கப்பட்ட சுந்தர சோழர் எல்லோரையும் அவர் சான்றுகளிலிருந்துதான் எடுத்தார். வந்தியத்தேவனே அப்படி வந்தவன்தான். பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசனின் தமக்கை குந்தவையை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்று குறிப்பிடும் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியிலிருந்து ஐந்து பாகங்களும் தாங்கி நிற்கும் கதாநாயகனைப் படைத்திருக்கிறார். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நிலவுமொழி:

வந்தியத்தேவனைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். அவன் எங்கே ஒளிந்தாலும் அங்கே ஓர் இரகசியப் பேச்சு நடக்கிறது. கடம்பூரில் தூக்கம் கலைந்து மதில் அருகே போனால் சிற்றரசர்களின் ஆலோசனை. தஞ்சைக் கோட்டையில் தப்பி ஓடினால் நிலவறை. முதல் பாகத்தில் இதை இரசித்தேன். மூன்றாம் பாகத்தில் களைப்பு வந்தது. வாரப் பத்திரிகையில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஓடிய தொடர் என்பதால் ஒவ்வொரு வாரமும் ஒரு திடுக்கிடல் தேவைப்பட்டிருக்கும். புத்தகமாக வந்தபோது இறுக்கிச் சுருக்கியிருக்கலாம்.

தாழம்பூ:

சுருக்கினால் எதை எடுப்பீர்கள்? ஆழ்வார்க்கடியானின் சைவ வைணவச் சண்டைகளையா? குடந்தை சோதிடர் வீட்டையா? அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சதிக்கதைதான். எனக்கு அந்த வழிப்போக்குகளே நாவல். பாதையோரம் நின்று ஊர்ப்பேச்சுக் கேட்கும் நிதானம் இதில் இருக்கிறது. முதல் பாகம் 57 அத்தியாயங்கள். அதில் பெரும்பகுதி பயணம்தான். வந்தியத்தேவனோடு சேர்ந்து நானும் சோழ நாட்டை முதன்முதலாகப் பார்த்தேன்.

நந்தினியைப் பற்றி யாருமே பேசவில்லையே? அவள் பிறப்பைப் பற்றிக் கதையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். வளர்ந்த இடத்தில் அவளுக்கு இடமில்லை. அரண்மனைப் பெண்கள் அவளைத் தங்களில் ஒருத்தியாக ஏற்கவில்லை. அடைக்கலம் கேட்டுக் காலில் விழுந்தும் அவள் கண் முன்னாலேயே வீரபாண்டியனின் தலையை வெட்டுகிறான் கரிகாலன். அந்த ஒரு நொடிக்காக அவள் எடுத்த பழிதான் சோழ நாட்டையே உலுக்குகிறது. எத்தனையோ சரித்திர நாவல்களில் பெண் அலங்காரமாக நிற்பாள். இங்கே கதையின் அச்சே அவள்தான். கொலை நடந்த இரவில் அவள் நிலையைப் பாருங்கள்: கொல்ல வந்தவள் கொல்ல முடியாமல் தவிக்கிறாள். அந்த இடத்தில் ‘இன்னார் குத்தினார்’ என்று ஒரு வரி வந்திருந்தால் அவளது துயரம் குற்ற விசாரணையாகக் குறுகிப் போயிருக்கும். வீராணத்தான் கோபத்துக்கு இதுதான் என் பதில்.

நிலவுமொழி:

நந்தினி விஷயத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன் தாழம்பூ. ஆனால் அவளுக்குக் கொடுத்த இடம் அருள்மொழியின் காதலி வானதிக்குக் கொடுக்கப்படவில்லை. அடிக்கடி மயங்கி விழுவதே அவள் வேலையாக இருக்கிறது. அருள்மொழி பட்டம் ஏறினாலும் தான் சிம்மாசனத்தில் அமர்வதில்லை என்று சபதம் செய்யும் இடத்தில்தான் அவள் எழுந்து நிற்கிறாள். அதற்குள் கதை முடியும் தறுவாய்க்கு வந்துவிடுகிறது.

வீராணத்தான்:

தாழம்பூ சொன்னதை நெடுநேரம் யோசித்தேன். நந்தினியின் துயரத்துக்காகக் கொலையாளியை மறைத்தார் என்றால், பெரிய பழுவேட்டரையரை ஏன் சபை நடுவே குற்றத்தை ஏற்க வைத்துத் தன்னையே மாய்த்துக்கொள்ளச் செய்தார்? வந்தியத்தேவனைக் காப்பாற்ற ஒரு பலி வேண்டியிருந்தது. அந்தக் கிழவரின் மரணம் என்னை உலுக்கியது என்பது உண்மை. ஆனால் அவர் சொன்னதை நம்புவதா வேண்டாமா என்று ஆசிரியரே தெளிவாக்காதபோது அந்தத் தியாகத்தின் எடையே குறைகிறது. அவர் கத்தி உண்மையில் பட்டிருந்தால் அது பிராயச்சித்தம். படாமல் இருந்தால் வீண் சாவு. இரண்டும் ஒன்றாகுமா?

ஏட்டுச்சுவடி:

ஒன்றாகாது. அவருக்கே அது தெரியவில்லை என்பதுதான் அங்கே உள்ள கொடுமை. இருட்டில் வீசிய கத்தி எங்கே போயிற்று என்று தெரியாத மனிதன், தன் கைதான் கொன்றது என்று நம்பத் தீர்மானிக்கிறான். சோழ குலத்துக்குத் தலைமுறை தலைமுறையாக உழைத்த பழுவூர்க் குடியில் வந்தவர். பராந்தகன் காலத்திலிருந்து அரச குலத்தோடு மணவுறவு கொண்ட குடி அது. அந்தப் பெயருக்குத் தன்னால் வந்த களங்கத்தை வேறு எப்படித் துடைப்பார்? உண்மை தெரிந்து இறப்பவனை விட, தெரியாமலே பொறுப்பேற்று இறப்பவன் எனக்குப் பெரியவனாகத் தெரிகிறான்.

வரப்புக்காரன்:

கொலை பற்றியே பேசுவதென்றால் இதையும் பேசுங்கள். கல்வெட்டில் வரும் மூவரில் இருவர் பிரமாதிராசன் என்ற பட்டம் பெற்றவர்கள். அது உயர் அதிகாரிகளாக இருந்த அந்தணர்களுக்கு அரசு அளித்த பட்டம். அதிலும் ஒருவன் பெயரில் ‘இருமுடிச்சோழ’ என்று சோழப் பட்டமே ஒட்டியிருக்கிறது. அப்படியானால் கொலைக்கான கை அரசாங்கத்துக்குள்ளேயே இருந்திருக்க வாய்ப்பு உண்டு. நாவலைப் படித்தவர்கள் மனத்தில் ரவிதாசன் யாராக நிற்கிறான்? காட்டில் ஆந்தைக் குரல் எழுப்பும் மந்திரவாதியாக. பாண்டிய மன்னனுக்காக உயிரையும் கொடுக்கச் சபதம் செய்த ஆபத்துதவிகள், வெளியிலிருந்து வந்த பகைவர்கள் என்று கதை போய்விட்டது. கொலையாளி யார் என்பதைச் சொல்லாமல் விட்டார் என்கிறீர்கள். யாரை நோக்கிச் சந்தேகம் திரும்ப வேண்டாம் என்பதை அவர் முன்பே முடிவு செய்துவிட்டார் என்று நான் சொல்கிறேன்.

ஏட்டுச்சுவடி:

இது கனமான குற்றச்சாட்டு. ஒரு பகுதி உண்மையும் இருக்கிறது. ஆனால் ‘பஞ்சவன்’ என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டத்தைக் கொண்டு அவனைப் பாண்டிய அரசோடு தொடர்புள்ளவனாகக் கருதுவதற்கும் இடம் உண்டு. வீரபாண்டியனின் தலையைக் கொய்தவனைப் பாண்டியச் சார்பினர் பழிதீர்த்தார்கள் என்ற ஊகம் கல்கியின் வெறும் கற்பனை ஆகாது.

சரித்திர அறிஞர்களே இதில் ஒன்றுபடவில்லை. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார். அந்த ஐயத்துக்கு வலு சேர்ப்பது ஒரு கணக்கு: கொலைக்குப் பிறகு உத்தம சோழன் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆள்கிறான், 985இல் இராசராசன் பட்டத்துக்கு வந்த பிறகுதான் இந்த ஆணை கல்லில் ஏறுகிறது. இத்தனை ஆண்டுகள் ஏன் கொலைகாரர்களின் நிலத்தில் கை வைக்கவில்லை? மறுப்பவர்களிடமும் வலுவான வாதம் உண்டு. உத்தமன் கொலைக்கு உடந்தை என்றால் அவன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை இராசராசன் கோயில்களை ஆராயும் உயர் பொறுப்பில் வைத்திருப்பானா? செம்பியன் மாதேவியைக் கடைசிவரை அவ்வளவு மரியாதையோடு நடத்தியிருப்பானா?

இரண்டு பக்கமும் படித்த ஒருவர் ‘இன்னார்தான்’ என்று நாவலில் எழுதியிருந்தால் இன்று ஊர் முழுக்க அதையே வரலாறு என்று சொல்லிக்கொண்டிருக்கும். நந்தினி உண்மையில் வாழ்ந்தவள் என்று நம்பிப் பழுவூரில் அவள் அரண்மனையைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நிலவுமொழி:

அந்தக் கடைசிக் கருத்து உங்கள் வாதத்துக்கே எதிராகத் திரும்புகிறது ஐயா. கொலையைத் திறந்து விட்டும் மக்கள் நாவலைத்தானே வரலாறாக நம்புகிறார்கள்? உத்தம சோழன் என்றதும் இரண்டு மதுராந்தகர்கள் நினைவுக்கு வருகிறார்கள். கல்வெட்டில் இருப்பவனோ ஒருவன்தான். எச்சரிக்கையாக எழுதினார் என்ற பெருமையை அவருக்குப் பாதிதான் கொடுக்க முடியும்.

தென்திசை:

ஆனால் நாவலை வரலாறாகத் தேடும் அந்த ஆசைதானே பலரைக் கல்வெட்டுக்கும் அழைத்துச் செல்கிறது? உடையார்குடி என்ற ஊர்ப்பெயரே இந்த நாவலைத் தொடர்ந்து தேடியபோதுதான் எனக்குத் தெரிந்தது. நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரியும், கொலை நடப்பதாகச் சொல்லப்படும் கடம்பூரும், கொலையாளிகளின் பெயர் பொறித்த கல்லும் ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. கல்கி கதையை அங்கே தொடங்கியது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் கல் இருக்கும் இடத்திலிருந்துதான் அவர் வந்தியத்தேவனின் குதிரையைக் கிளப்பியிருக்கிறார்.

வரப்புக்காரன்:

அந்தக் கல்லைத் தேடிப் போகிறவர்கள் பறிமுதலான நிலம் யாருக்குப் போயிற்று, அதில் பயிர் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் தேடட்டும். சோழர் நிலவுரிமை பற்றி நொபோரு கராஷிமா போன்றவர்கள் கல்வெட்டுகளை ஊர் ஊராகக் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார்கள். அதையும் சேர்த்துப் படிப்பவர்களோடு நாவலைப் பற்றி மீண்டும் பேசத் தயாராக இருக்கிறேன்.

வீராணத்தான்:

ஏட்டுச்சுவடி ஐயா பழுவேட்டரையரைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன்; அந்த மரணத்தை அப்படிப் படிக்கலாம். கொலையைப் பற்றிய என் குறை மாறவில்லை. சரித்திரம் சொல்லவில்லை என்பது சரித்திர ஆசிரியருக்குப் போதுமான விடை. நாவலாசிரியர் தான் படைத்த மனிதர்களுக்காவது பதில் சொல்ல வேண்டும். கரிகாலனின் உடலைச் சுமந்துகொண்டு எரியும் மாளிகையிலிருந்து வெளியே வருகிற வந்தியத்தேவன், கொலைப்பழியோடு சிறையில் கிடந்தவன், தன் தலைவன் எப்படி இறந்தான் என்பதைக் கடைசிவரை அறியாமலே போகிறானே, அவனுக்குத்தான் அந்தப் பதில் முதலில் தேவைப்பட்டது.